ராஜாளி வீட்டுப் பத்திரிகையில் ஒரு நாரை

போன கார்த்திகை மாதம் ஒரு மழை நாளில், பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கும்பகோணத்தில் இருக்கிற எங்கள் அச்சகத்துக்கு வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். தையில் மகனுக்குக் கல்யாணம். ஐந்நூறு பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டு விவரமெல்லாம் அவர் கையெழுத்தில் தமிழில் இருந்தது. குலதெய்வம், பாட்டனார் பெயர், தாய்மாமன்கள், "தங்கள் நல்வரவை விரும்பும்" வரிசை, எல்லாம் சரியாக இருந்தது. பெயர்களுக்குப் பின்னால் அவர்கள் பட்டப்பெயர்: ராஜாளியார். பெண் வீட்டுப் பகுதி மட்டும் வேறு கையெழுத்து, ஆங்கில எழுத்து. ஊர், போலந்து நாட்டில் வ்ரொட்ஸ்வாஃப். மகன் அங்கேதான் மென்பொருள் வேலையில் இருக்கிறார். பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஆறு எழுத்தில் ஒரு வீட்டுப்பெயர். பி, ஓ, சி, ஐ, ஏ, என்.

"இதைத் தமிழ்ல எப்படிப் போடணும் தம்பி?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. முகூர்த்த நேரம் தப்பாகிவிட்டால் மேலே ஒரு துண்டு ஒட்டிச் சமாளித்துவிடலாம். பெயர் தப்பினால் சமாளிக்க முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்திரிகையில் பெண்ணின் தாத்தா பெயரில் ஒரு கொம்பை விட்டுவிட்டேன். அவர் அந்த வருஷம்தான் காலமாகியிருந்தார். அந்த வீட்டார் சண்டைக்கு வரவில்லை. பாட்டி மட்டும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, நானூறு பத்திரிகையிலும் பேனாவால் அந்தக் கொம்பைப் போட்டாராம். கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் எந்தப் பெயரையும், உரியவர் வாயால் ஒரு தடவை சொல்லக் கேட்காமல் நான் அச்சுக்கு ஏற்றுவதில்லை.

அதனால் மாப்பிள்ளையின் வாட்ஸ்அப் எண் வாங்கி, பெண்ணைத் தன் வீட்டுப்பெயரைச் சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்பச் சொன்னேன். மூன்று தடவை நிதானமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் கம்ப்யூட்டர் பையன் அதற்குள் "போசியன்" என்று அடித்து புரூஃபே எடுத்துவிட்டிருந்தான். பதிவைக் கேட்டதும் அவனே அதைக் கிழித்துப் போட்டான். முதல் எழுத்து 'பாட்டு'வின் ப இல்லை, 'பாக்கியம்' என்று சொல்லும்போது வருகிற ப. நடுவில் வருவது ஸ ஓசை இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மெல்லிய ச்ச. போலிஷ் மொழியில் சி எழுத்துக்குப் பின் ஐ வந்து, அதற்குப் பின் இன்னொரு உயிரெழுத்தும் வந்தால், ஐ தனியாக ஒலிக்காதாம். முன்னால் இருக்கிற எழுத்தின் ஓசையை மென்மையாக்குவதுதான் அதன் வேலை. 'மச்சான்' என்பதில் வருகிற ச்சா கிட்டத்தட்ட அந்த இடம். தமிழில் "போச்சான்" என்று போடலாம், "போச்சியான்" என்றும் போடலாம். இரண்டாவதில் அந்த மெல்லிய ஓசைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

புரூஃப் பார்க்க மாப்பிள்ளையின் அத்தை வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"மங்களப் பத்திரிகையில 'போச்சு'ன்னு வருதேப்பா."

அவர் சொன்னது நியாயம். பத்திரிகையில் மஞ்சள் தடவுகிறோம், "சுபம்" என்று தொடங்குகிறோம். அங்கே காதில் விழுகிற ஓசையும் முக்கியம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் பெயரை நம் காதுக்காக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. "அர்த்தம் கேட்டுச் சொல்றேன் அத்தை, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளையிடம் கேட்டேன். பதில் ஒரே சொல்லில் வந்தது.

நாரை.

போலிஷில் போச்சியான் என்றால் நாரை. அதிலும் வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகோரம், சிவந்த மூக்கு, சிவந்த கால். நம் புலவர் பாடிய செங்கால் நாரையேதான். ராஜாளி வீட்டுக்கு நாரை வீட்டுப் பெண் வருகிறாள். இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரிகை அடிக்கிறேன், இப்படி ஒரு பொருத்தம் என் மேசைக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம், கடை சாத்திய பிறகு, போலந்துக்காரர்களின் பெயர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கப் படிக்க அந்த நாடு அந்நியமாகவே தோன்றவில்லை. நம் பக்கத்தில் 'செம்மங்குடி பாடினார்', 'உமையாள்புரம் வாசித்தார்' என்றால் யாரும் 'எந்த மனிதர்?' என்று கேட்பதில்லை. ஊரே ஆளாகிவிடுகிறது. போலந்தில் பெரிய மனிதர்களின் வீட்டுப்பெயர்கள் இதே வழியில்தான் வந்தன. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அங்கே நிலப்பிரபுக்கள் தாங்கள் ஆண்ட ஊரின் பெயரோடு 'ஸ்கி' என்னும் ஈற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். டார்னூவ் ஊர்க்காரர் டார்னொவ்ஸ்கி. நாம் 'தஞ்சாவூரார்' என்கிறோமே, அந்த 'ஆர்' செய்கிற வேலைதான். சூரியன் நடுவில் நிற்கிறது, பூமிதான் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் குடும்பப் பெயரும், சைலீசியா வட்டாரத்தில் இருக்கிற கோப்பர்நிக்கி என்ற கிராமத்திலிருந்து வந்ததுதான்.

போகப்போக இந்த 'ஸ்கி' கௌரவச் சின்னமாகிவிட்டது. ஊர் எதுவும் இல்லாதவர்களும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். கொவால் என்றால் கொல்லர். கொவால்ஸ்கி என்பது நாட்டிலேயே மிகப் பரவலான பெயர்களில் ஒன்று.

குடியானவர்கள் கதை வேறு. ஊருக்குள் நாலு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வோம்? நெட்டை, கட்டை, மேலத்தெரு, வாய்க்கால்கரை, கொல்லுப்பட்டறைக்காரர் என்று ஏதாவது ஓர் அடையாளம் வைப்போம். அங்கேயும் அப்படித்தான் வைத்தார்கள். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவன் நோவாக். சிட்டுக்குருவி என்று பொருள்படும் வ்ரூபெல், கொண்டலாத்தி என்று பொருள்படும் டூடெக், இரண்டும் இன்றைக்கு மிகப் பரவலான வீட்டுப்பெயர்கள். ஆந்தை இருக்கிறது, காக்கை இனம் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, புறா இருக்கிறது. நாரை என்கிற பெயர் நீண்ட காலும் நீண்ட கழுத்துமாக நடந்த ஒருவனுக்கு வந்திருக்கலாம். கூரைமேல் நாரை கூடு கட்டியிருந்த வீட்டுக்காரனுக்கும் வந்திருக்கலாம். யாரோ ஒருவர் வயலிலிருந்து திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்ட பெயர். பல தலைமுறை தாண்டி, அது என் மேசையில் நோட்டுத்தாளில் வந்து நிற்கிறது.

இப்படிக் கூப்பிட்ட பெயர்கள் காகிதத்தில் ஏறி உறைந்ததற்கு அரசாங்கமும் ஒரு காரணம். 1772, 1793, 1795 என்று மூன்று தடவையாகப் பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கடைசிப் பங்கோடு அந்த நாடு வரைபடத்திலிருந்தே போய்விட்டது. திரும்பி வந்தது 1918-இல். நடுவில் 123 வருஷம். (நம் பக்கத்தில் சரபோஜி மன்னர் தஞ்சாவூர் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது 1799. கிட்டத்தட்ட ஒரே காலம்.) புதிதாக வந்த அரசுகளுக்கு வரி வேண்டும், படைக்கு ஆள் வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு மாறாத பெயர் வேண்டும். ஆஸ்திரியா 1787-இல் தன் ஆட்சிக்கு உட்பட்ட யூதர்கள் எல்லோரும் பரம்பரை வீட்டுப்பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது. நெப்போலியன் உருவாக்கிய வார்சா டச்சி என்ற சிற்றரசில் 1808-இலிருந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் சிவில் பதிவேட்டில் ஏறின. அதுவரை மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருந்த பட்டப்பெயர்கள் மெல்ல மெல்ல நிலைத்துவிட்டன.

நம் பட்டப்பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பத்திரிகைகளில் எத்தனை பார்த்திருக்கிறேன்! வாண்டையார், மழவராயர், சேதுராயர், சோழகர், மண்கொண்டார், கண்டியர், ராஜாளியார். எங்கள் அப்பா காலத்தில், கையால் எழுத்துக் கோத்த நாளில், சில பட்டப்பெயர்கள் அடிக்கடி வரும் என்பதால் கோத்த எழுத்தைக் கலைக்காமல் நூல் கட்டித் தனியே வைத்திருப்பார். தீப்பெட்டி அளவு ஈயக் கட்டு. 'மழவராயர் எடுடா' என்பார், நான் ஓடிப்போய் எடுத்து வருவேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு போரோ ஒரு மன்னன் கொடுத்த நிலமோ இருப்பதாக அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பறவையின் பெயரைத் தாங்கிய பட்டம் என்பதாலேயே சின்ன வயதிலிருந்து எனக்கு ராஜாளியார் பிடிக்கும். போலந்தின் ஸ்கி வீடுகளிலும் இதே மாதிரி கதைகள் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். நம்மிடம் பட்டம் பத்திரிகையிலும் கல்வெட்டிலும் இருக்கும், பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இருக்காது. அவர்களிடம் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் வீட்டுப்பெயர்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்று பெண்ணிடம் கேட்டேன். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் பெசல் என்று ஓர் எண் உண்டு, நம் ஆதார் மாதிரி. அந்தப் பதிவேட்டிலிருந்து எந்த வீட்டுப்பெயர் எத்தனை பேருக்கு என்று, ஆண் தனியாகப் பெண் தனியாக, அரசாங்கமே பட்டியல் வெளியிடுகிறது. சுமார் 3.7 கோடி ஜனத்தொகையில், எல்லாவற்றிலும் பெரிய பெயரான நோவாக் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கு. அதாவது இருநூறு பேரில் ஒருவர்தான். மொத்த வீட்டுப்பெயர்கள் 4 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பெயர்கள் இருக்கிற நாட்டில் பெரும்பாலானவை சின்னக் குடும்பங்கள்தான். சில பெயர்கள் ஒரே வீட்டோடு நின்றிருக்கும். போச்சியான் அவ்வளவு ஒடுங்கிய பெயர் இல்லை. ஆனால் சில ஆயிரம் பேரைத் தாண்டாது. நம் கணக்கில் இரண்டு மூன்று ஊராட்சி அளவு.

பெயரின் ஈற்றைப் பார்த்தே திசை சொல்லலாம் என்பதும் ருசியான விஷயம். 'அக்' என்று முடிந்தால் மேற்கே போஸ்னான் பக்கம் அதிகம், 'இக்' என்றால் தெற்கே, 'உக்' என்றால் கிழக்கு எல்லை. நம் ஊர்ப்பெயரில் மங்கலம் என்று முடிந்தால் பிராமணர்களுக்கு விட்ட பழைய ஊர், நல்லூர் என்றால் புதிதாக ஏற்படுத்திய ஊர் என்று சொல்வோமே, அந்த மாதிரி. ஆனால் இந்தக் கணக்கு 1945-க்குப் பிறகு கலைந்துபோனது. யுத்தம் முடிந்ததும் போலந்தின் எல்லையே மேற்கே நகர்ந்தது. கிழக்கே ல்வூவ், வில்னோ பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறி, ஜெர்மானியர்கள் விட்டுப்போன மேற்கு ஊர்களில் குடியேறினார்கள். அப்படிக் குடியேறியவர்களால் நிரம்பிய நகரம்தான் வ்ரொட்ஸ்வாஃப். அதற்கு முன்னால் அது ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். நம் பெண்ணின் பாட்டி, கைக்குழந்தையாக ல்வூவிலிருந்து அந்த ரயிலில் வந்தவர். வீடு போனது, நிலம் போனது, கூடு போனது. நாரை என்ற பெயர் மட்டும் கூட வந்தது.

இலக்கணத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். போலிஷில் ஏழு வேற்றுமை. நம்மைப் போலவே விளி வேற்றுமையும் தனியாக உண்டு. வீட்டுப்பெயரும் உருபு ஏற்கும். போச்சியானா என்றால் போச்சியானுடைய, போச்சியானோவி என்றால் போச்சியானுக்கு, போச்சியானெம் என்றால் போச்சியானோடு. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி இருக்கும். ஆனால் இந்த உருபெல்லாம் ஆணுக்குத்தான். பெண்ணின் பெயராக இருந்தால் போச்சியான் எந்த வேற்றுமையிலும் மாறாது. ஸ்கி என்று முடிகிற பெயர்களில் இன்னொரு விதமாக மாறும். அப்பா ஸ்கி என்றால் மகள் ஸ்கா. மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொடொவ்ஸ்கா. அவர் அப்பா ஸ்க்வொடொவ்ஸ்கி. முன்காலத்தில் போச்சியான் மனைவியைப் போச்சியானோவா என்றும், கல்யாணமாகாத மகளைப் போச்சியானூவ்னா என்றும் சொல்வார்களாம். குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொல்ல இன்றைக்கும் ஒரு பன்மை உண்டு: போச்சியானோவியே. நம் 'வகையறா'வை ஒரே ஈற்றில் அடக்கிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்களைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இது தெரிந்ததும் வழி கிடைத்தது. "போச்சியான் குடும்பத்தார்" என்று போட்டேன்.

அத்தையிடம் திரும்பப் புரூஃபைக் கொண்டு போனேன். இந்தத் தடவை அவர் வீட்டுக்கே போனேன். நாரை என்று சொன்னேன். போலந்தில் வீட்டுக் கூரையில் நாரை கூடு கட்டினால் அந்த வீட்டுக்கு நல்லது, இடி விழாது என்று நம்புகிறார்கள் என்று சொன்னேன். பழைய வண்டிச்சக்கரத்தைக் கம்பத்தின் மேல் படுக்கவைத்து, கூடு கட்ட வாகாக அவர்களே ஏற்பாடு செய்து கொடுப்பார்கள் என்றேன். பிள்ளை வரம் கொண்டுவருகிற பறவை அது என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "பிள்ளை கொண்டாற பறவையா? அப்ப இருக்கட்டும். கொட்டை எழுத்துலயே போடு" என்றார். போச்சியான் நின்றது.

தை பிறந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊருக்கு வந்தார்கள். முதல் வாரமே அச்சகத்துக்கு வந்தார்கள். பெண் பத்திரிகையை வாங்கி, தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். எத்தனை எழுத்து என்று எண்ணினார். போ, ச், சி, யா, ன். ஐந்து. "எங்கள் ஊரில் ஆறு, இங்கே ஐந்தில் முடித்துவிட்டீர்கள்" என்று சொன்னதாக மாப்பிள்ளை தமிழில் சொன்னார். பெண் ஒரு காகிதத்தில் அவர்களுடைய எல் எழுத்தை எழுதிக் காட்டினார். குறுக்கே ஒரு சாய்ந்த கோடு போட்டால் அது வ ஓசை. அதனால்தான் ஸ்க்வொடொவ்ஸ்கா என்பதில் எல் எழுதி வ சொல்கிறார்கள். நான் ழ எழுதிக் காட்டினேன். பத்து நிமிஷம் நாக்கை மடித்துப் பார்த்து, கடைசியில் 'பழம்' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டார்.

அவர்களைச் சத்திமுத்தம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. பட்டீஸ்வரத்தை ஒட்டிய ஊர், எங்கள் கடையிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. போகிற வழியில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு வயலில் முப்பது நாற்பது நத்தை குத்தி நாரைகள். வடுவூர் ஏரியில் மரம் மரமாக அடைகிறவை. பெண் காரை நிறுத்தச் சொல்லி, வரப்போரமாக நின்று வெகுநேரம் பார்த்தார். மூக்கை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே என்று கேட்டார். நத்தையைக் கவ்வ அது வசதி என்று சொன்னேன். எங்கள் ஊர் நாரைக்குத் தங்கை என்றார்.

பட்டீஸ்வரம் கடைத்தெருவில் ஓர் அம்மா பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். பொங்கல் முடிந்த வாரம், வேகவைத்த கிழங்கு கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்று வாங்கி, நார் உரித்து, நுனியைப் பிடித்து நெடுக்கப் பிளந்து பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு பாதியும் அடியில் ஒட்டிக்கொண்டு, நுனியில் கூராக விரிந்து நின்றன. "என்ன மாதிரி இருக்கு பாருங்க" என்றேன். ஒரு கணம் பார்த்தார். பிறகு கிழங்கின் இரண்டு பாதியையும் மூடித் திறந்து மூடித் திறந்து, டக் டக் என்று வாயால் சத்தம் கொடுத்தார். அவர்கள் ஊர் நாரை கத்தாதாம். மூக்கைத் தட்டித் தட்டித்தான் பேசுமாம்.

அப்புறம்தான் பாட்டைச் சொன்னேன். பழைய பாட்டு, பள்ளியில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். "நாராய் நாராய் செங்கால் நாராய், பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்." மதுரையில் குளிரில் துணியில்லாமல் வாடிக் கிடந்த ஒரு புலவர், வடக்கே போகிற நாரையைப் பார்த்து, வழியில் எங்கள் ஊர்ச் சத்திமுத்தக் குளத்தில் இறங்கி, என் மனைவியைக் கண்டு என் நிலைமையைச் சொல் என்று கேட்கிற பாட்டு. அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. ஊரின் பெயரால் சத்திமுத்தப் புலவர் என்றுதான் அழைக்கிறோம். "அப்படியானால் அதுதான் அவர் வீட்டுப்பெயர்" என்றார் பெண். ஒரு மாதமாக நான் படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த உற்சாகத்தில், உங்கள் ஊர் நாரைதான் எங்கள் ஊர்க் குளத்துக்கு வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டி மறுத்தார். போலந்து நாரைகள் ஆகஸ்டில் புல்வெளிகளில் பெருங்கூட்டமாகக் கூடும். அந்தக் கூட்டத்துக்கு, பழைய காலத்துப் பிரபுக்கள் சபையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 24, பர்த்தொலொமேயு திருநாள் வாக்கில் கிளம்பி, பாஸ்பரஸ் ஜலசந்தி வழியாக, நைல் நதியோரமாக ஆப்பிரிக்கா போய்விடும். மார்ச் 19, சூசையப்பர் திருநாளை ஒட்டித் திரும்பும். இந்தியாவுக்கு வருகிறவை பெரும்பாலும் மத்திய ஆசியாவில் கூடு கட்டுகிறவை. இனம் ஒன்று, பாதை வேறு. 2004-இல் எடுத்த கணக்கில் போலந்தில் மட்டும் 50,000 ஜோடிகளுக்கு மேல் இருந்தன. ரஷ்ய எல்லையோரம் ஷிவ்கோவோ என்ற குக்கிராமத்தில் மனிதர்களைவிட நாரைகள் அதிகம். இங்கே செங்கால் நாரை அபூர்வ விருந்தாளி ஆகிவிட்டது. சத்திமுத்தத்துக் குளத்தில் அன்றைக்கு இரண்டு மடையான்கள் நின்றன. அவ்வளவுதான். பெண் அவற்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு நாள் முந்திய ஒரு பேச்சை.

பெரியவர் மீதிப் பணம் கொடுக்க வந்தார். அவர் மகனும் மருமகளும் போன வருஷமே வ்ரொட்ஸ்வாஃபில் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே பதிவாளர் முன்னால், கல்யாணத்துக்கு அப்புறம் யார் என்ன வீட்டுப்பெயர் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், பிறக்கப்போகிற பிள்ளைக்கு எந்தப் பெயர் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்வார்கள். தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம், துணையின் பெயரை எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் இரண்டு பகுதிக்கு மேல் போகக் கூடாது. பெண் தன் பெயரையே வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் போச்சியான், ஒரு சிறு கோடு, அப்புறம் மாப்பிள்ளையின் வீட்டுப்பெயர்.

மாப்பிள்ளையின் வீட்டுப்பெயர் எது? பாஸ்போர்ட்டில் ராஜாளியார் இல்லை. நம் எல்லோருக்கும் இருக்கிற மாதிரி, அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அதாவது, என் முன்னால் உட்கார்ந்திருந்த இந்தப் பெரியவரின் பெயர். மூன்று மா நிலத்தில் வாழ்நாள் முழுக்க நெல் போட்டவர்.

இதை நான்தான் அவருக்கு விளக்கினேன். பேரனுக்கு உங்கள் பெயர், அவன் பிள்ளைக்கும் உங்கள் பெயர், அப்புறம் அவன் பிள்ளைக்கும் என்றேன். அங்கே ஆடம் என்றொருவர் இருந்து, அவர் வாரிசுகள் எல்லோரும் இன்றுவரை ஆடமோவிச் என்று இருக்கிறார்களே, அப்படி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எழுதிக் காட்டு" என்றார்.

கழிவு அட்டை ஒன்றை எடுத்து எழுதினேன். போச்சியான், கோடு, அவர் பெயர். வாங்கித் தூரத்தில் வைத்துப் படித்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"எங்கப்பா எழுத்தை விட்டுட்டியே."

தலைப்பெழுத்தைச் சொல்கிறார். அவர் பெயருக்கு முன்னால் அவர் அப்பாவின் முதலெழுத்து அறுபத்தெட்டு வருஷமாக இருந்திருக்கிறது. பத்திரிகையிலும் இருந்தது. இந்தச் சேர்ந்த பெயரில் அதற்கு இடமில்லை, இரண்டு பகுதிதான் என்று சொன்னேன். சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே லாரி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் நின்ற பிறகு கேட்டார்.

"எம் பையனுக்கு என்ன பேரு?"

மாப்பிள்ளைக்கு அவருடைய தாத்தா பெயர்தான். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. பத்திரிகையின் நடுவில், பெரிய எழுத்தில், நானே அடித்த பெயர்.

சொன்னேன்.

"சரி, அது அவங்கிட்ட இருக்கு" என்று சொல்லி, அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.